ஒன்பதாம் பிரிவு

பெருமாநல்லூர்
9 ஜூன் 2025

அன்புள்ள ரோஸிக்கு,

அக்கா நிர்மலா எழுதுவது. நானும் அம்மாவும் உன் அத்தானும் வர்ஷினியும் சுகம். கோவாவில் மழை பிடித்துவிட்டதாக டிவியில் சொன்னார்கள். தலை நனைந்தால் உனக்கு உடனே தும்மல் வரும், பார்த்துக்கொள்.

இதென்ன புதிதாகக் கடிதம் என்று நினைப்பாய். நீ போனை அணைத்து வைத்திருக்கிறாய், எனக்கு வேறு வழி என்ன? எதனால் அணைத்தாய் என்பதும் தெரியும். கிளப்பைத் திட்டி நீ எனக்கு அனுப்பிய வாய்ஸ் மெசேஜை உன் அத்தான் பெருமைக்காகத் தன் நிட்டிங் கம்பெனி குரூப்பில் போட்டார். அது எங்கெங்கோ சுற்றி, கடைசியில் யாரோ ஒருத்தன் 'கிளப்பைக் கிழித்த ரோஸ்மேரி' என்று தலைப்பு கொடுத்து யூடியூபில் ஏற்றிவிட்டான். நான் அவரோடு பேச்சை நிறுத்தினேன். "நல்லதுன்னு நெனச்சுத்தான் போட்டேன்" என்று மனிதர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை. பாவம், நேற்றுதான் சமாதானமானேன்.

நீ கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறாய், கிளப் உன்னை மைதானத்துக்குள் விட மாட்டேன் என்கிறது. இவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். உன் அரையிறுதி கோல் படத்தை பனியன் கம்பெனியில் என் செக்கிங் டேபிளில் ஒட்டி வைத்திருக்கிறேன் அல்லவா? சூப்பர்வைசர் மருதாசலம் தினமும் அதைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க நிர்மலா, இப்படிக் கோல் போடற புள்ளைய ஊட்ல உக்கார வெச்சா யாருக்குங்க நட்டம்?" என்கிறார். அம்மாவோ, "ஏட்டி, அவளுக்கு ஆடத்தானே தெரியும். கையெழுத்தைப் போட்டுட்டு ஆடச் சொல்லு. வம்பு வழக்கெல்லாம் நமக்கு எதுக்கு?" என்கிறாள்.

என்னதான் நடக்கிறது என்று விவரமாக எழுது. மாப்பிள்ளை கப்பலிலிருந்து பேசினால் நாங்கள் கேட்டதாகச் சொல்.

உன் முகம் பார்க்க ஆசையாக இருக்கும்
நிர்மலா


வாஸ்கோ
21 ஜூன் 2025

அன்பு அக்காவுக்கு,

நான் நலம். நீங்கள் நலமென்பது உன் கையெழுத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. 'ற'வுக்கு இன்னும் வாலை நீளமாகத்தான் இழுக்கிறாய்.

தபால்காரர் உறையைக் கொடுத்ததும் ஹாஸ்டல் ஞாபகம் வந்தது. எட்டாம் வகுப்பில் விளையாட்டு விடுதியில் என்னை விட்டுவிட்டு வந்தீர்களே, அப்போது வார்டன் நம் கடிதங்களைப் பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுப்பார். "சாப்பாடு நன்றாக இருக்கிறது" என்று எழுதினால் நான் அழுதுகொண்டிருக்கிறேன் என்று நாம் பேசி வைத்திருந்தோம். முதல் வருடம் எல்லாக் கடிதத்திலும் சாப்பாடு நன்றாகத்தான் இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே நீ முறுக்கு டப்பாவோடு பஸ் ஏறி வந்து நிற்பாய்.

விஷயத்துக்கு வருகிறேன். பழைய ஒப்பந்தத்தில் எனக்கு இன்னும் ஒரு வருடம் பாக்கி. கிளப் அதோடு இரண்டு வருடம் சேர்த்துப் புதிய ஒப்பந்தம் நீட்டியிருக்கிறது. சம்பளம் கூட்டியிருக்கிறார்கள், அதில் எனக்குக் குறையில்லை. ஒன்பதாம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. விளையாட்டுக்காரி கர்ப்பமானால் அன்றைக்கே கிளப் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம் என்கிறது அது. பழையதிலும் அது இருந்தது. அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது, கல்யாணம் ஆகியிருக்கவில்லை, படிக்காமலேயே கையெழுத்துப் போட்டேன்.

அதை எடுத்துவிட்டு, பிள்ளை பெற்றுத் திரும்பி வந்தால் என் இடம் எனக்கு உண்டு என்று எழுதித் தாருங்கள் என்கிறேன். முடியாதென்கிறார்கள். கையெழுத்துப் போடும்வரை பயிற்சி கிடையாது. வேறு கிளப்புக்குப் போகவும் விடமாட்டார்கள், அந்த ஒரு வருடம் அவர்கள் கையில் இருக்கிறது.

காலையில் பைனா கடற்கரையில் தனியாக ஓடுகிறேன். சகாயத்தின் கப்பல் சிங்கப்பூர் தாண்டிவிட்டது. அத்தானைத் திட்டாதே. அம்மாவுக்கும் வர்ஷினிக்கும் என் முத்தம்.

ரோஸி


பெருமாநல்லூர்
3 ஜூலை 2025

ரோஸிக் கண்ணுக்கு,

இங்கே எல்லோரும் சுகமாக இருக்கிறோம். ஆடிக் காற்று முன்னதாகவே வந்துவிட்டது. துணி காயப்போட்டால் பக்கத்துத் தெருவில் போய்த்தான் பொறுக்க வேண்டும்.

உன் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். முறுக்கு டப்பாவில் சிரித்தாள், ஒன்பதாம் பிரிவில் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

போன ஞாயிறு பூசை முடிந்து பழைய மைதானம் வழியாக நடந்து வந்தேன். பூட்டிக் கிடந்த சாயப்பட்டறையை இடித்து குடோன் கட்டிவிட்டார்கள். நாம் ஆடிய இடத்தில் லாரிகள் நிற்கின்றன. மழை பெய்தால் அங்கே தண்ணீர் ஒரு மூலையில் ஊதாவாகவும் மறு மூலையில் ரோஜா நிறமாகவும் தேங்குமே. வெள்ளை சாக்ஸோடு போய் வண்ண சாக்ஸோடு வருவோம். நம் பி.டி. மாஸ்டர் குருசாமி சார் முதல் பந்தை வாங்கித் தரும்வரை நாம் ஆடியது அப்பா கொண்டுவந்த கட்டிங் வேஸ்ட் துணியைச் சுருட்டிக் கட்டிய பந்து. நனைந்தால் கல்லாகக் கனக்கும். அதை உதைத்துப் பழகியதால்தான் உனக்கு இந்தக் கால் என்று குருசாமி சார் எல்லோரிடமும் சொல்வார்.

ஊத்துக்குளிப் பெண்களோடு ஆடிய மேட்ச் நினைவிருக்கிறதா? பெனால்ட்டியை நான் பிடித்து உன்னிடம் வீசினேன். நீ பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரே ஓட்டம். சார் விசில் ஊத மறந்துபோய் உன் பின்னாலேயே ஓடினார். அப்பா கம்பெனிக்கு மட்டம் போட்டுவிட்டு மதில் மேல் உட்கார்ந்திருந்தார். அவ்வளவு சந்தோஷமாக அவரை அதற்கப்புறம் நான் பார்க்கவில்லை.

இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்றால், உன் கால் ஓடத்தான் பிறந்தது. அது உட்கார்ந்திருப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அக்கா சொல்வதைக் கேள். கையெழுத்துப் போட்டுவிடு. மாப்பிள்ளை கடலில் இருக்கிறார். பிள்ளை பெற இன்னும் எவ்வளவோ காலம் இருக்கிறது. இல்லாத ஒரு பிள்ளைக்காக இருக்கிற ஆட்டத்தை ஏன் விட வேண்டும்?

யோசித்து எழுது. வேளைக்குச் சாப்பிடு.

அக்கா


பெருமாநல்லூர்
30 ஜூலை 2025

ரோஸிக்கு,

நாங்கள் சுகம். நீ எப்படி இருக்கிறாய்? என் கடிதம் வந்ததா? போனும் எடுக்கவில்லை. வந்த மறு வாரமே எழுதுகிறவள் நீ. தபாலில் தொலைந்திருக்கும் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

இரண்டு வரி போதும்.

நிர்மலா


வாஸ்கோ
11 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உங்கள் நலம் அறிய ஆவல். கடிதம் கிடைத்தது. மழை நிற்கவில்லை. ஒப்பந்தம் பற்றிப் புதிதாக ஒன்றுமில்லை. தேசிய அணி முகாமுக்கு என்னைக் கூப்பிடவில்லை, கிளப்பில் ஆடாதவர்களைக் கூப்பிட மாட்டார்களாம்.

இங்கே சாப்பாடு நன்றாக இருக்கிறது.

ரோஸ்மேரி


பெருமாநல்லூர்
24 ஆகஸ்ட் 2025

ரோஸி,

வீட்டில் எல்லோருக்கும் சுகம்தான். கம்பெனிக்குத்தான் உடம்பு சரியில்லை. அமெரிக்க ஆர்டர் நின்றுபோனதில் ஒன்றரை ஷிப்ட் ஓடிய இடத்தில் பாதி நாள் கதவே திறப்பதில்லை. பக்கத்து லைனில் வட இந்தியப் பையன்கள் ஊருக்கு ரயிலேறிவிட்டார்கள். வீட்டில் இருக்க நேரம் கிடைத்ததால் உன் கடைசி வரியை எத்தனையோ தடவை படித்தேன். முறுக்கு சுட்டு டப்பாவில் போட்டும்விட்டேன். எப்படிக் கொண்டு வருவது என்றுதான் தெரியவில்லை.

நான் போன கடிதத்தில் எழுதிய எதுவோ உன்னைக் குத்தியிருக்கிறது. எது என்று எனக்குப் புரியவில்லை. அதனால் நீ கேட்காத ஒன்றை எழுதுகிறேன். உனக்கு அப்போது பதிமூன்று வயது, ஹாஸ்டலில் இருந்தாய். உனக்கு இது தெரியாது.

மாநில அணிக்கு கோல்கீப்பராக என்னை எடுத்த வருடம் அது. அத்தானைக் கட்டி ஆறேழு மாதம் ஆகியிருந்தது. முகாமில் இருக்கும்போதுதான் வர்ஷினி வயிற்றில் இருப்பது தெரிந்தது. பயந்துகொண்டே கோச்சிடம் போய்ச் சொன்னேன். அவர் திட்டவே இல்லை. "ரொம்ப சந்தோஷம்மா, நல்லபடியாப் பெத்தெடு" என்று சொல்லி, ஒரு கிலோ ஆப்பிள் வாங்கிக் கொடுத்து, பஸ் ஸ்டாண்டு வரை ஆள் அனுப்பி ஏற்றிவிட்டார். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அப்பா தெருவுக்கே மிட்டாய் கொடுத்தார்.

வர்ஷினிக்குத் தலை நின்ற பிறகு ஒரு நாள் கையுறையைப் பையில் வைத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனேன். குருசாமி சார், "வாம்மா, பாப்பாவக் காட்டு" என்று தூக்கிக் கொஞ்சினார். நாற்காலி போட்டு உட்கார வைத்து டீ கொடுத்தார். கோலில் வேறு ஒரு பெண் நின்றாள். நன்றாகத்தான் ஆடினாள். மேட்ச் முடியும்வரை பார்த்துவிட்டு வந்தேன். பையைத் திறக்கவே இல்லை.

யாரும் எனக்குக் கெடுதல் செய்யவில்லை ரோஸி. எல்லோரும் சந்தோஷப்பட்டுத்தான் என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். அதனால் நானும் இதை ஒரு குறையாக யாரிடமும் சொன்னதில்லை. உன் ஒன்பதாம் பிரிவைப் படித்தபோது அந்த ஒரு கிலோ ஆப்பிள் நினைவு வந்தது, அதை உனக்கு எழுதாமல் ஊத்துக்குளி மேட்சைப் பற்றி எழுதினேன்.

இப்போது நீ சொல். என்ன ஆயிற்று?

உன் அக்கா


வாஸ்கோ
4 செப்டம்பர் 2025

அக்கா,

உடம்புக்கு நலம். நீங்கள் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும்.

இதை இரண்டு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இந்தத் தடவை எழுதி முடித்ததும் நேராகத் தபால் பெட்டிக்குப் போய்விடுவேன்.

"இல்லாத பிள்ளை" என்று எழுதியிருந்தாய். இருந்தது அக்கா. சகாயம் டிசம்பரில் வந்துவிட்டுப் போன பிறகு எனக்குத் தெரிந்தது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கிளப்புக்குப் போகும், போனால் ஒன்பதாம் பிரிவு. அரையிறுதி வரைக்கும் ஆடிவிட்டு, அப்புறம் ஏதாவது காரணம் சொல்லி விடுப்பு கேட்கலாம் என்று கணக்குப் போட்டேன். உங்களுக்கு அப்போது போன் செய்து சொல்ல நினைத்தேன், மூன்று மாதம் தாண்டிய பிறகு சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன்.

பிப்ரவரியில் அரையிறுதிக்கு முந்தைய வாரம், பயிற்சி முடிந்து அறைக்கு வந்ததும் ரத்தம் பட்டது. மூன்றாம் மாதம் அப்போதுதான் பிறந்திருந்தது. கீழ் வீட்டு அம்மா ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். டாக்டரம்மா, ஆடியதால் வந்ததில்லை, சிலருக்கு இப்படி ஆவதுண்டு என்று பலமுறை சொன்னார். நம்புகிறேன். சில நாள் நம்ப முடிவதில்லை.

கிளப்பில் வயிற்றுப்போக்கு என்று சொன்னேன். "அரையிறுதிக்குத் தேறிவிடுவாயா?" என்று கோச் கேட்டார். தேறிவிடுவேன் என்றேன். ஆடினேன். கோலும் போட்டேன். நீ டேபிளில் ஒட்டியிருக்கிற படம் அதுதான். முழங்காலிட்டு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டிருப்பேன். ஆனந்தக் கண்ணீர் என்று பேப்பரில் போட்டிருந்தார்கள்.

சகாயத்திடம்கூட ஒரு மாதம் கழித்துத்தான் சொன்னேன். நடுக்கடலில் அவர் என்ன செய்வார்?

அந்தத் தாளில் மறுபடியும் கையெழுத்துப் போட என் கை வரவில்லை. இதில் தைரியமும் இல்லை, கொள்கையும் இல்லை. கை வரவில்லை, அவ்வளவுதான். ஆடாமல் இருப்பதும் முடியவில்லை. லீக் தொடங்கிவிட்டது. ஜன்னலைத் திறந்தால் மைதானத்துச் சத்தம் கேட்கிறது.

அம்மாவிடம் சொல்லாதே.

ரோஸி


பெருமாநல்லூர்
9 செப்டம்பர் 2025

என் ரோஸிக்கு,

உன் கடிதம் இன்று மத்தியானம் வந்தது. படத்தை டேபிளிலிருந்து எடுத்துவிட்டேன். கம்பெனியில் லீவு சொல்லியாயிற்று, அத்தான் டிக்கெட் எடுத்துவிட்டார். அவரிடம் காரணம் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. சனிக்கிழமை ஷொர்ணூரில் வண்டி மாறி ஞாயிறு காலை மட்காவ் வந்து சேர்வேன். இந்தக் கடிதம் எனக்குப் பின்னால்கூட வரலாம். வந்தால் நாம் இரண்டு பேரும் சேர்ந்து படிப்போம்.

அக்கா


வாஸ்கோ
28 செப்டம்பர் 2025

அன்பு அக்காவுக்கு,

சுகமாகப் போய்ச் சேர்ந்ததாக அத்தான் செய்தி அனுப்பினார். நான் நலம். இந்தத் தடவை உண்மையாகவே நலம். முறுக்கு தீர்ந்துவிட்டது.

நீ வந்துபோன பிறகு வீடு ரொம்பப் பெரிதாகிவிட்டது. கிளப் மேனேஜர் அறையில் நீ என் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததை நினைத்து நினைத்துச் சிரிக்கிறேன். "இவர் வக்கீலா?" என்று அவர் கேட்டதும், "அக்கா" என்று நான் சொன்னதும் அவர் முகம் போன போக்கு. "நாளைக்கு எல்லோரும் பிள்ளை பெறப் போய்விட்டால் நான் யாரை வைத்து ஆடுவது?" என்றார். நான் உனக்குத் தமிழில் சொன்னேன். நீ கொஞ்சம் யோசித்துவிட்டு, "எல்லாரும் ஒண்ணாப் பெத்துக்க மாட்டோம்னு அவர்ட்ட சொல்லுட்டி" என்றாய். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்னவென்று கேட்டார். நான் அப்படியே மொழிபெயர்த்தேன். அத்தோடு பேச்சு முறிந்தது. வெளியே வந்ததும் காரியத்தைக் கெடுத்துவிட்டேனோ என்று நீ கவலைப்பட்டாய். இல்லை அக்கா. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அன்றுதான் நான் சிரித்தேன்.

சாயங்காலம் பைனாவில் இரண்டு செருப்பை வைத்து கோல் போஸ்ட் ஆக்கினாயே. சுடிதார் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக்கொண்டு நீ குனிந்து நின்றபோது பெருமாநல்லூரில் பார்த்த அதே நிற்பு. நீ இடது பக்கம்தான் விழுவாய் என்று எனக்குத் தெரியும். வலது பக்கம் அடித்தேன். அங்கேயும் வந்து விழுந்தாய். மண்ணை உதறிக்கொண்டு எழுந்து, "வயசாயிட்டு" என்றாய். கரையில் மீன் வலை உலர்த்தியவர்கள் கைதட்டினார்கள்.

அன்று நம்மோடு வந்த தோய்பி ஞாபகமிருக்கிறாள் அல்லவா, எங்கள் மணிப்பூர் டிஃபெண்டர். நீ போன மறுநாள் அவள் வந்து, "அந்தத் தாளில் அப்படி என்னதான் இருக்கிறது?" என்று கேட்டாள். படித்துக் காட்டினேன். அவளுக்கும் அடுத்த மாதம் ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டும். தாளை வாங்கித் தானும் ஒரு தடவை படித்துவிட்டுப் போய்விட்டாள். என்ன செய்யப் போகிறாளோ தெரியவில்லை.

அத்தானுக்கும் வர்ஷினிக்கும் அன்பு. அம்மா கையைப் பிடித்துக்கொண்டதாக நினைத்துக்கொள்ளச் சொல்.

ரோஸி


வாஸ்கோ
19 அக்டோபர் 2025

அக்காவுக்கும் வீட்டில் எல்லோருக்கும்,

நான் நலம். தீபாவளி சமயம், அத்தான் கை நிறைய வெடி வாங்கியிருப்பார். கண்ணைப் பார்த்துக்கொள்ளச் சொல்.

நேற்று கையெழுத்துப் போட்டேன்.

தோய்பிதான் தொடங்கினாள். ஒன்பதாம் பிரிவோடு தனக்கும் வேண்டாம் என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அவளைப் பார்த்து இன்னும் நாலைந்து பேர். அதில் இரண்டு பேருக்குக் கல்யாணமே ஆகவில்லை. டிஃபென்ஸ் முழுக்க வெளியே உட்கார்ந்தால் அணியை எப்படி இறக்குவது? நிர்வாகக் குழுவைக் கூட்டினார்கள். இப்போது ஒன்பதாம் பிரிவு போய், எல்லோருக்கும் ஒரே எழுத்து. பிள்ளை பெறும் காலத்தில் வைத்தியச் செலவு கிளப்புடையது, ஒரு வருடம் இடம் காத்திருக்கும். எனக்குக் கூட்டிய சம்பளத்தை எடுத்துவிட்டார்கள், பதிவுத் தேதி கடந்துபோனதால் ஜனவரிக்குப் பிறகுதான் களத்தில் இறங்க முடியும். தேசிய அணியில் என் இடத்தில் வேறு பெண் ஆடுகிறாள், நன்றாக ஆடுகிறாள். திரும்பக் கிடைக்குமா தெரியாது. சரி என்று வாங்கிக்கொண்டேன்.

நான் எழுத வந்தது வேறு. பேனாவை எடுக்கும்போது மேனேஜர் சிரித்துக்கொண்டே கேட்டார், "இவ்வளவு சண்டை போட்டாயே, வீட்டில் சீக்கிரம் ஏதாவது விசேஷமா?"

கேலியாகத்தான் கேட்டார். நானும் சிரித்துவிட்டு வந்திருக்கலாம். "ஒன்று இருந்தது. பிப்ரவரியில் போய்விட்டது" என்றேன்.

அவர் விரல் விட்டு எண்ணினார். "அரையிறுதி மாதமா?" என்றார். ஆமாம் என்றேன். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "என்னிடம் சொல்லியிருக்கலாமே ரோஸ்மேரி" என்றார்.

"சொல்லியிருந்தால் அன்றைக்கே நான் வெளியே" என்றேன்.

நான் கையெழுத்துப் போட்டு முடிக்கும்வரை அவர் கண்ணாடியைப் போட்டுக்கொள்ளவில்லை.

அந்த அறையில் ஒரு தடவை சொல்லிவிட்டதால் இனி அம்மாவுக்கும் தெரியலாம் என்று தோன்றுகிறது. என்னால் முடியாது. நீ சொல்.

நாளை காலை பயிற்சி. ஷூவை வெயிலில் காய வைத்திருக்கிறேன்.

ரோஸி


பெருமாநல்லூர்
3 நவம்பர் 2025

ரோஸிக் கண்ணுக்கு,

இங்கே எல்லோரும் சுகமாக இருக்கிறோம். கொஞ்சம் ஆர்டர் வந்து எங்கள் செக்ஷனில் மறுபடி லைட் எரிகிறது. பயிற்சிக்குப் போனதும் கால் எப்படி இருந்தது என்று எழுது.

அம்மாவிடம் சனிக்கிழமை சொன்னேன். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் சொல்லி முடிக்கும்வரை கை நிற்கவில்லை. முடித்த பிறகு, "ஆஸ்பத்திரியில அவ தனியாவா கெடந்தா?" என்று கேட்டாள். கீழ் வீட்டு அம்மா கூட இருந்தார் என்றேன். "அந்த அம்மா பேரு என்ன?" என்றாள். எனக்குத் தெரியவில்லை. "கேட்டு எழுது. நாம நன்றியா இருக்கணும்" என்று சொல்லிவிட்டுக் கீரையை அப்படியே விட்டுவிட்டுக் கோயிலுக்குக் கிளம்பினாள். கூட வருகிறேன் என்றேன், வேண்டாமென்றாள்.

மறுநாள் கல்லறைத் திருநாள். மழைக்குப் பிறகு கல்லறைத் தோட்டம் முழுக்கப் புல். அத்தான் அப்பா கல்லறையைச் செதுக்கிச் சுண்ணாம்பு அடித்திருந்தார். செவ்வந்திப் பூ வைத்தோம். அம்மா பையிலிருந்து தனியாக ஒரு மெழுகுவர்த்தியை எடுத்து, அப்பா கல்லறைமேல் வைக்காமல் பக்கத்தில் மண்ணைக் கையால் குவித்து அதில் நட்டாள். வர்ஷினி, "இது யாருக்கு ஆச்சி?" என்று கேட்டாள். "உன் சித்தி பிள்ளைக்கு" என்றாள், ஏதோ எப்போதும் வைக்கிற மாதிரி.

பூசையில் சாமியார் இறந்தவர்களின் பெயர்களை வாசித்தார். நம் அப்பா பெயர் வந்தது. அடுத்ததாக, "ரோஸ்மேரியின் பிள்ளை" என்று வாசித்தார். முந்தின நாள் அம்மா கோயிலுக்குப் போனது இதற்குத்தான். கூட்டத்தில் தெற்கத்தி நம் சொந்த ஊர்க்காரர்கள் நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா நேராகப் பீடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அத்தானுக்கு அப்போதுதான் முழுக்கப் புரிந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

எல்லோரும் கிளம்பின பிறகும் அம்மா அசையவில்லை. காற்று விட்டு விட்டு அடித்தது. அந்தச் சின்ன மெழுகுவர்த்தி எரிந்து முடியும்வரை முந்தானையை அதற்கு மறைப்பாகப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்திருந்தாள். நாங்களும் உட்கார்ந்தோம்.

அம்மாவின் முத்தங்களோடு
நிர்மலா